அடியெழுத்து இல்லாத தோட்டாக்கள்: பழைய ஜப்பானியப் படை ரைபிள் தோட்டாக்களை இனங்காண்பதும் சேகரிப்பதும்

குடும்பத்துப் பழைய பொருள்களிடையே ஒரு பித்தளைக் கிளிப்பில் செருகிய ஐந்து ரைபிள் தோட்டாக்கள் கிடைத்தன, அவற்றின் அடியில் ஓர் எழுத்துகூட இல்லை, ஜப்பானியப் படையுடையவை என்று மட்டும் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், இதை எப்படி உறுதிசெய்வது, இத்துறையில் சேகரிக்கத் தொடங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். சில அளவுகளையும் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கான விடையில் பாதி நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. அடியில் எழுத்து இல்லை என்பதுதான் அந்தப் பாதி. மீதிப் பாதியை அளவுகளைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டும்.

ஐரோப்பிய நாடுகளும் அமெரிக்காவும் தங்கள் ரைபிள் தோட்டாக்களின் அடித்தட்டில் தொழிற்சாலைக் குறியையும் ஆண்டையும் பொறித்து வந்தன. ஜப்பானியத் தரைப்படை தன் ரைபிள் தோட்டாக்களுக்குப் பொதுவாக அப்படிச் செய்யவில்லை. எந்த ஆயுதசாலையில் எந்த மாதம் செய்யப்பட்டது, உள்ளே எந்த வெடிமருந்து, எவ்வளவு நிரப்பப்பட்டது ஆகிய அனைத்தையும் பொட்டலத்தின் மேல் ஒட்டிய சீட்டிலேயே அச்சிட்டார்கள். இதனால் பொட்டலத்தை விட்டு வெளியே வந்த ஜப்பானியத் தோட்டா ஒன்று தன் வரலாற்றின் பெரும்பகுதியை அக்கணமே இழந்துவிடுகிறது. இத்துறையின் சிக்கல், சுவை, விலை வேறுபாடு எல்லாம் இந்த ஒரே பழக்கத்திலிருந்து கிளைப்பவை. தோட்டாவைப் பார்த்து அது எந்த வகை என்று சொல்ல முடியும். எப்போது, எங்கே செய்யப்பட்டது என்று சொல்லப் பெரும்பாலும் முடியாது. தனித் தோட்டா ஒன்றைக் காட்டி "1941ஆம் ஆண்டு, கொக்குரா ஆயுதசாலை" என்று துல்லியமாகச் சொல்லி விற்பவரிடம், அதை எதிலிருந்து அறிந்தீர்கள் என்று கேளுங்கள்.

அளப்பதற்கு முன் ஒரு முன்னெச்சரிக்கை. உங்கள் தோட்டாக்களின் பிரைமரில் (அடி நடுவில், துப்பாக்கி ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஊசி அடித்த குழி இல்லையென்றால், கூட்டில் (மருந்தைக் கொண்ட பித்தளை உறை) துளையும் இல்லையென்றால், எண்பது ஆண்டுகள் கடந்திருந்தாலும் அவற்றை உயிருள்ள தோட்டாக்களாகவே நடத்த வேண்டும். வெர்னியர் காலிப்பரால் மெதுவாகப் பிடித்து அளப்பதில் ஆபத்து இல்லை. குண்டைப் பிடுங்குவது, சூடாக்குவது, பிரைமரைச் சுரண்டுவது, சுட்டுப் பார்ப்பது ஆகியவை கூடவே கூடாது. மண்ணிலிருந்து தோண்டி எடுத்தவையாக இருந்தாலோ, குண்டின் ஓரத்தில் கசிவு தெரிந்தாலோ, அளக்கவும் வேண்டாம். உங்கள் ஊர்க் காவல்துறைக்குத் தெரிவித்துவிட்டு விலகி நில்லுங்கள்.

இனி வகைகள். மெய்ஜி ஆட்சிக்காலத்தில் முராத்தா சுனெயோஷி வடிவமைத்த ரைபிள்களே ஜப்பானின் முதல் உள்நாட்டுப் படைத் துப்பாக்கிகள். 1880இல் வந்த 13ஆம் வகையும் 1885இல் வந்த 18ஆம் வகையும் 11 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய ஈயக் குண்டைக் கருமருந்தால் செலுத்தின. அவற்றின் கூடு 60 மில்லிமீட்டர் நீளம், அடியில் நன்கு புடைத்த விளிம்பு. 1889இல் வந்த 22ஆம் வகை முராத்தா 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தது; குழாய் வடிவ மகசின் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் அறை) கொண்ட அந்த ரைபிளுக்கான தோட்டா புகையில்லா மருந்துக்கு மாறியது. இந்த 8 மில்லிமீட்டர் முராத்தா தோட்டா எளிதில் கண்ணில் படுவதில்லை. தொடக்கநிலைச் சேகரிப்பாளர் இதைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து. விலையும் அதிகம், ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான மாதிரிகளும் குறைவு.

பெரும்பாலானோர் கையில் கிடைப்பது 6.5 மில்லிமீட்டர் தோட்டாதான். அரிசாக்கா நாரியாகிரா தலைமையில் உருவாகி 1897இல் ஏற்கப்பட்ட 30ஆம் வகை ரைபிளோடு இது பிறந்தது. கூட்டின் நீளம் ஏறத்தாழ 50.5 மில்லிமீட்டர், முழுத் தோட்டாவின் நீளம் ஏறத்தாழ 76 மில்லிமீட்டர். அடி விளிம்பின் விட்டம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். அது உடலைவிடச் சிறிதளவே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதன் மேலே பிடிப்பதற்கான பள்ளமும் இருக்கும். இப்படி விளிம்பும் பள்ளமும் சேர்ந்திருப்பதை அரைவிளிம்புக் கூடு என்று சொல்வோம். விரல் நகத்தை உடலின் மேலிருந்து அடிநோக்கி இழுத்தால் பள்ளத்தைத் தாண்டியதும் விளிம்பின் நுனி நகத்தில் தட்டும். ஜப்பானிய 6.5ஐ மற்ற நாட்டு 6.5களிலிருந்து பிரிக்கும் முதல் அடையாளம் இதுவே.

இந்தக் கூட்டில் இரண்டு தலைமுறைக் குண்டுகள் வந்தன. 30ஆம் வகைத் தோட்டாவின் குண்டு உருண்டை முனையுடையது, ஏறத்தாழ 10.5 கிராம் எடையுள்ளது. 1904–05 ருஷ்ய–ஜப்பானியப் போரில் ஜப்பானியக் காலாட்படையினர் எடுத்துச் சென்றது இதைத்தான். நம்பு கிஜிரோ செம்மைப்படுத்திய 38ஆம் வகை ரைபிள் 1905இல் ஏற்கப்பட்ட பிறகு, ஏறத்தாழ 9 கிராம் எடையுள்ள கூர்முனைக் குண்டு வந்தது. அது நொடிக்கு ஏறத்தாழ 760 மீட்டர் வேகத்தில் கிளம்பியது. வெள்ளி நிறத்தில் மின்னும் செம்பு–நிக்கல் மேலுறை இதன் வழக்கமான தோற்றம். கூடு ஒன்றே என்பதால், உருண்டை முனையுள்ள 6.5 கிடைத்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். கூர்முனைத் தோட்டாக்கள் 1945 வரை பெருமளவில் செய்யப்பட்டவை. உருண்டை முனைத் தோட்டாக்களின் காலம் குறுகியது. நீங்கள் அனுப்பிய அளவுகளில் முழுநீளம் 76, விளிம்பு 12, குண்டு கூர்மையானது, வெள்ளி நிறம் என்றெல்லாம் இருப்பதால், உங்களிடம் இருப்பவை 38ஆம் வகைத் தோட்டாக்கள் என்று தயக்கமின்றிச் சொல்லலாம்.

ஆயினும் 6.5 என்ற அளவு ஒருகாலத்தில் பல படைகளுக்கு விருப்பமானதாக இருந்ததால் குழப்பம் நேர்வதுண்டு. இத்தாலியக் கார்கானோ ரைபிளின் தோட்டா 52 மில்லிமீட்டர் கூடு கொண்டது. அதன் அடி விளிம்பு உடலுக்கு வெளியே நீளாது, படைத் தோட்டாவின் குண்டும் நீண்ட உருண்டை முனையுடையது. சுவீடன் நாட்டுத் தோட்டாவின் கூடு 55 மில்லிமீட்டர், அடிப்பகுதி சற்றுப் பருமன். கிரேக்கப் படையின் மன்லிச்சர்–ஷோனாவர் தோட்டா 54 மில்லிமீட்டர், விளிம்பு நீளாதது. இவற்றில் பெரும்பாலானவற்றில் அடியெழுத்து இருக்கும் என்பதால் கூட்டின் நீளத்தையும் அடித்தட்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். இன்னொரு வேடிக்கை, 1938க்குப் பின் இத்தாலியிலேயே ஜப்பானுக்காக 'ஐ' வகை என்ற ரைபிள் செய்யப்பட்டது. பூட்டமைப்பு கார்கானோவுடையது, தோட்டாவோ ஜப்பானிய 6.5. ஆகவே இத்தாலிய முகமுள்ள துப்பாக்கியோடு ஜப்பானியத் தோட்டா சேர்ந்து கிடைத்தால் அதைப் பொருந்தாத சேர்க்கை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

6.5இல் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேறுபாடும் உண்டு. 1922இல் வந்த 11ஆம் வகை இலகு இயந்திரத் துப்பாக்கி, ரைபிள்காரர் வைத்திருக்கும் அதே ஐந்து தோட்டாக் கிளிப்புகளில் ஆறை ஒரு பெட்டியில் அடுக்கி முப்பது தோட்டாக்களைச் சுடும்படி அமைக்கப்பட்டது. ரைபிள் தோட்டாக்களையே எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம் என்ற அந்த எண்ணம் அழகானது. நடைமுறையில் முழு மருந்துள்ள தோட்டா அந்தப் பொறியைக் கடுமையாக உலுக்கியதால், மருந்தைச் சற்றுக் குறைத்த தோட்டாக்கள் தனியே செய்யப்பட்டன. 1936இல் வந்த 96ஆம் வகை இலகு இயந்திரத் துப்பாக்கிக்கும் இவையே வழங்கப்பட்டன. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. பொட்டலச் சீட்டில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஜி' எழுத்து இருந்தால் அது மருந்து குறைந்தது; ஜப்பானிய மொழியில் 'கென்சோ' (genso) என்று குறிப்பார்கள். சீட்டு தொலைந்தால் வேறுபாடும் தொலைந்தது. ஒரு தனித் தோட்டாவை "இயந்திரத் துப்பாக்கித் தோட்டா" என்று கூடுதல் விலைக்கு விற்பவர் பெரும்பாலும் ஊகத்தையே விற்கிறார்.

7.7 மில்லிமீட்டருக்கு வரும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். ஒரே பெயரில் மூன்று வேறு கூடுகள் இங்கே உலவுகின்றன. சீனாவில் நடந்த சண்டைகளில், எதிரே வந்த 7.92 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு முன் 6.5 வலுக்குறைந்தது என்ற முறைப்பாடு எழுந்ததும் பெரிய குண்டுக்கு மாறும் முடிவுக்கு ஒரு காரணம். முதலில் இயந்திரத் துப்பாக்கிகளே மாறின. 1929இன் 89ஆம் வகை வானூர்தித் துப்பாக்கியும் 1932இன் 92ஆம் வகைக் கனரக இயந்திரத் துப்பாக்கியும் 58 மில்லிமீட்டர் நீளமுள்ள அரைவிளிம்புக் கூட்டைப் பயன்படுத்தின. அதன் விளிம்பு ஏறத்தாழ 12.7 மில்லிமீட்டர். 92ஆம் வகைக்கான சாதாரணக் குண்டு ஏறத்தாழ 13 கிராம் எடையுள்ளது. 1939இல் வந்த 99ஆம் வகை ரைபிளுக்கு அதே நீளமுள்ள கூட்டையே விளிம்பு நீளாத வடிவில் செய்தார்கள். விளிம்பு விட்டம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர், குண்டு ஏறத்தாழ 11.8 கிராம், வேகம் நொடிக்கு ஏறத்தாழ 730 மீட்டர். மூன்றாவது கடற்படையுடையது. அது பிரித்தானிய .303 தோட்டாவின் அச்சான நகல், 56 மில்லிமீட்டர் கூடு, 13.5 மில்லிமீட்டருக்கும் மேலான முழு விளிம்பு. லூயிஸ், விக்கர்ஸ் துப்பாக்கிகளின் ஜப்பானிய வடிவங்களுக்கு அது தேவைப்பட்டது. ஒரே நாட்டின் தரைப்படையும் கடற்படையும் 7.7 என்ற ஒரே அளவைச் சொல்லிக்கொண்டு ஒன்றுக்கொன்று பொருந்தாத தோட்டாக்களை வைத்திருந்தன என்பதும், தரைப்படைக்குள்ளேயே 6.5 முற்றிலும் ஒழியாமல் இறுதிவரை 7.7உடன் சேர்ந்து ஓடியது என்பதும், வழங்கல் பிரிவினருக்கு எவ்வளவு தலைவலியாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

99ஆம் வகைத் தோட்டாவைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புள்ள இன்னொன்று ஜெர்மானிய மவுசரின் 7.92. இரண்டின் அடித்தட்டும் ஏறத்தாழ ஒரே விட்டம், கூட்டின் நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவே வேறுபாடு. சீனப் படைகள் மவுசர் தோட்டாவைப் பெருமளவில் பயன்படுத்தியதால் ஒரே இடத்தில் இரண்டும் கலந்து கிடைப்பதுண்டு. ஜெர்மனியின் எம்ஜி 15ஐப் பின்பற்றிச் செய்த 98ஆம் வகை வானூர்தித் துப்பாக்கிக்காக ஜப்பானும் 7.92 தோட்டாக்களைச் செய்தது. இங்கே அளக்க வேண்டியது குண்டின் விட்டத்தை. ஜப்பானிய 7.7இன் குண்டு ஏறத்தாழ 7.9 மில்லிமீட்டர், மவுசருடையது ஏறத்தாழ 8.2 மில்லிமீட்டர். சாதாரண அளவுகோலால் இதைப் பிரிக்க முடியாது. நல்ல காலிப்பர் ஒன்றை வாங்கிக்கொள்வது சேகரிப்பின் முதல் செலவாக இருக்கட்டும்.

வகை எண்களைப் பற்றி ஒரு சொல். 38க்குப் பின் 11, அதற்குப் பின் 99, பிறகு 2 என்று வருவதைப் பார்த்து மயங்குபவர் பலர். தொடக்கத்தில் பேரரசரின் ஆட்சியாண்டே எண்ணாக வைக்கப்பட்டது. மெய்ஜி ஆண்டோடு 1867ஐக் கூட்டினால் பொது ஆண்டு வரும்; அதனால் 38 என்பது 1905. தைஷோ ஆண்டுக்கு 1911ஐக் கூட்ட வேண்டும். 3 என்பது 1914, 11 என்பது 1922. 1920களின் இறுதியில் இம்முறையைக் கைவிட்டு, கி.மு. 660இல் தொடங்குவதாகக் கொள்ளப்பட்ட பேரரசு ஆண்டின் கடைசி எண்களை எடுத்தார்கள். 2599இலிருந்து 660ஐக் கழித்தால் 1939, அதுவே 99. 1940 என்பது 100ஆம் வகையாயிற்று, 1941 மறுபடி 1 ஆயிற்று. ஆனால் பொட்டலச் சீட்டுகளில் செய்த தேதியைத் தொடர்ந்து ஆட்சியாண்டிலேயே அச்சிட்டார்கள். ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். சீட்டில் 16 என்று இருந்தால் 1941.

7.7இல் இனங்காண உதவுவது நிற வளையம். தரைப்படைத் தோட்டாக்களில் கூட்டின் வாயும் குண்டும் சேரும் இடத்தில் அரக்குப் பூச்சாக ஒரு மெல்லிய வளையம் இருக்கும். இளஞ்சிவப்பு என்றால் சாதாரணக் குண்டு, கறுப்பு என்றால் கவசம் துளைப்பது, பச்சை என்றால் பாதையை ஒளியால் காட்டும் டிரேசர், மஜெந்தா என்றால் தீ மூட்டுவது, ஊதா என்றால் மோதியதும் வெடிக்கும் குண்டு. எண்பது ஆண்டுப் பழமையில் இளஞ்சிவப்பு வெளுத்துக் காவியாகலாம், மஜெந்தாவும் ஊதாவும் ஒன்றுபோலத் தெரியலாம். ஆகவே சந்தேகமுள்ள எதையும் ஆபத்தான வகையாகவே கொள்ளுங்கள். தீ மூட்டும் குண்டில் வெண்பாஸ்பரஸ் இருக்கலாம். உறை அரித்தால் அது காற்றில் தானாகப் பற்றும். வெடிக்கும் குண்டு, வெடிப்பைத் தூண்டும் தனிப் பியூஸ் இல்லாமலே மோதலில் வெடிக்கும்படி செய்யப்பட்டது. இவ்விரண்டும் எவ்வளவு அரியவையாக இருந்தாலும் தனியார் வீட்டில் வைத்திருக்கத் தக்கவை அல்ல. கடற்படையின் முறை வேறு; அங்கே நிறம் பிரைமரைச் சுற்றி இருக்கும், நிறங்களின் பொருளும் தரைப்படையினுடையதோடு ஒத்துவராது. தரைப்படைப் பட்டியலை வைத்துக்கொண்டு கடற்படைத் தோட்டாவைப் படித்தால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிட நேரும்.

மரக்குண்டு, காகிதக் குண்டு பொருத்திய தோட்டாக்கள் தனிக் கதை. பசிபிக் தீவுகளில் இவற்றைக் கண்டெடுத்த அமெரிக்க வீரர்களிடையே, காயத்தில் சிம்புகள் தங்கிச் சீழ்பிடிக்க வேண்டும் என்பதற்காகவே ஜப்பானியர் மரக்குண்டால் சுடுகிறார்கள் என்றும், அதில் நஞ்சு தோய்த்திருக்கிறார்கள் என்றும் வதந்தி பரவியது. இன்றும் சில விற்பனையாளர்கள் அந்தக் கதையையும் சேர்த்தே விற்கிறார்கள். உண்மை எளிமையானது. காகிதக் குண்டுள்ளவை பயிற்சியில் சத்தம் எழுப்புவதற்கான வெற்றுத் தோட்டாக்கள். மரக்குண்டுள்ளவையும் வெற்றுத் தோட்டாவாகவும், குழல்முனையில் பொருத்திய கருவியிலிருந்து கையெறி குண்டைச் செலுத்தவும் பயன்பட்டன. 1942இன் 2ஆம் வகைக் குண்டு செலுத்திக்கு மரக்குண்டுத் தோட்டா தேவை. 1940இன் 100ஆம் வகையோ சாதாரணக் குண்டுள்ள தோட்டாவாலேயே இயங்கியது. குண்டு தன் வழியே வெளியேற, பின்னால் வரும் வாயு கையெறி குண்டைத் தள்ளும். கையெறி குண்டைக் குழல்முனையில் செருகி வைத்துச் சுடும் கருவியில் எந்தத் தோட்டாவைப் போட வேண்டும் என்பது உயிர்ப் பிரச்சினை என்பதால், தோற்றத்திலேயே இந்த வேறுபாட்டை அமைத்தார்கள். பள்ளி மாணவருக்கான படைப்பயிற்சியில் மென் உலோகத்தாலான, குழலுக்குள் சுழல்பள்ளம் வெட்டாத இயந்திரத் துப்பாக்கிகளும் இருந்தன. அவை வெற்றுத் தோட்டாவை மட்டும் தாங்குபவை.

சுடவே முடியாத பயிற்சித் தோட்டாக்களும் உண்டு. துப்பாக்கியில் ஏற்றி இறக்கிப் பழகுவதற்காக உடலில் பள்ளங்கள் உருட்டிய பித்தளைத் தோட்டாக்களும், அடிப்பகுதி மட்டும் பித்தளையாக உடல் முழுவதும் மரத்தால் கடைந்தவையும் செய்யப்பட்டன. மருந்தும் பிரைமரும் இல்லாததால் சட்டச் சிக்கல் குறைவு, ஆபத்து இல்லை, விலையும் பெரும்பாலும் கைக்கெட்டும் அளவில் இருக்கும். தொடங்குபவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இவற்றைத்தான்.

அடியில் எழுத்து இருக்கிறது என்பதற்காக ஒரு 6.5 ஐ ஜப்பானோடு தொடர்பில்லாதது என்று தள்ளிவிடவும் கூடாது. முதல் உலகப் போரில் பிரித்தானியா பயிற்சிக்காகவும், ருஷ்யா போர்முனைக்காகவும் அரிசாக்கா ரைபிள்களை வாங்கின. ருஷ்யாவுக்குச் சென்றவை லட்சக்கணக்கில். அவற்றுக்கான தோட்டாக்களை இங்கிலாந்தின் கைனோக் நிறுவனம் தன் பெயர்க்குறியோடு செய்தது. ருஷ்யத் துப்பாக்கி வடிவமைப்பாளர் பியோதரோவ் தன் தானியங்கி ரைபிளுக்கு இந்த 6.5ஐத் தேர்ந்ததும் இந்த வரலாற்றின் ஒரு கிளை. போருக்குப் பின் வேட்டைக்காரர்களுக்காகச் சுவீடனின் நோர்மா நிறுவனம் 6.5, 7.7 இரண்டையும் தன் பெயர் பொறித்துச் செய்தது. இவற்றோடு, அமெரிக்கப் படைவீரர்கள் கொண்டுவந்த ரைபிள்களுக்குத் தோட்டா கிடைக்காததால், .30-06 கூட்டை வெட்டிச் சுருக்கி 7.7 ஆகவும், .220 ஸ்விஃப்ட் கூட்டை அச்சில் அழுத்தி 6.5 ஆகவும் மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம். ஜப்பானிய வடிவமும் அமெரிக்க அடியெழுத்தும் சேர்ந்து வந்தால் அது போலியன்று, அரிய பொருளும் அன்று. யாரோ ஒருவரின் பட்டறை வேலை.

இப்போது பொட்டலத்துக்கு வருவோம். என் கருத்தில் இத்துறையில் உண்மையான சேகரிப்பு என்பது பொட்டலங்களின் சேகரிப்பே. ரைபிள் தோட்டாக்கள் ஐந்தைந்தாகக் கிளிப்பில் செருகப்பட்டு, மூன்று கிளிப்புகள் ஒரு பொட்டலமாக, பதினைந்து தோட்டாக்களாக வழங்கப்பட்டன. வீரரின் இடுப்புக் கச்சையில் முன்பக்கப் பைகள் இரண்டும் முப்பது முப்பது தோட்டாக்களையும், பின்பக்கப் பெரிய பை அறுபதையும் கொள்ளும். இரண்டு, இரண்டு, நான்கு என்று பொட்டலக் கணக்கு பிசிறில்லாமல் பொருந்துகிறது. சீட்டிலுள்ள எழுத்துகளைப் படிக்க ஜப்பானிய மொழி அறிந்திருக்க வேண்டியதில்லை. எண்களின் உருவத்தை மட்டும் பழகினால் போதும். ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை அத்தனை கிடைக்கோடுகள். பத்து என்பது கூட்டல் குறி. எட்டு என்பது இரு பக்கமும் விரிந்து இறங்கும் இரண்டு கோடுகள். மூன்று கிடைக்கோடுகளை அடுத்து அந்த விரிகோடுகள் இருந்தால் 38. வளைந்த வாலுள்ள ஒரே எழுத்து இருமுறை வந்தால் 99. அதே எழுத்தை அடுத்து இரண்டு கிடைக்கோடுகள் வந்தால் 92. அந்தக் காலத்தில் கிடைமட்டமாக எழுதும்போது பெரும்பாலும் வலமிருந்து இடமாக எழுதினார்கள் என்பதை நினைவில் வையுங்கள். 38ஐ 83 என்று படித்துவிட்டுப் புதிய வகையொன்றைக் கண்டுபிடித்ததாக மகிழ்பவர்கள் உண்டு. 'ஜிப்போ' என்ற குறிப்பு சுடுதோட்டாவையும், 'கூஹோ' வெற்றுத் தோட்டாவையும் குறிக்கும்.

போலிகளைப் பொறுத்தவரை, சாதாரணத் தோட்டாவை யாரும் போலியாகச் செய்ய மாட்டார்கள். அதன் மேல் ஏதாவதொன்றைச் சேர்ப்பார்கள். சுட்ட கூட்டில் புதிதாகக் கடைந்த மரக்குண்டைச் செருகுவது, இளஞ்சிவப்பு வளையத்தை அழித்து ஊதா பூசுவது, சீட்டை அச்சிட்டுப் பழைய அட்டையில் ஒட்டுவது ஆகியவை வழக்கமான வேலைகள். மரக்குண்டுத் தோட்டாவின் பிரைமரில் அடித்த குழி இருந்தால் அதைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். நிற வளையம் கூட்டின் கறைக்கு மேலே படிந்திருந்தால் அது பிற்காலப் பூச்சு. உண்மையான அரக்கு கறைக்கு அடியில் இருக்கும். பொட்டலம் பிரிக்கப்படாமல் இருந்தால் பிரிக்காதீர்கள். எடை போட்டு, பதினைந்து தோட்டாக்களின் எடையோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பாதுகாப்பில் பலர் செய்யும் பெருந்தவறு மெருகேற்றுவது. பித்தளைத் துலக்கிகள் பலவற்றில் அம்மோனியா கலந்திருக்கும். இழுவிசை தங்கியுள்ள பித்தளையை அம்மோனியா தீண்டினால் கழுத்தில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றி நாளடைவில் பிளக்கும். இதைப் பிரித்தானியர் முதலில் கவனித்தது இந்தியாவில்தான். மழைக்காலத்தில் குதிரை லாயங்களுக்கருகே அடுக்கி வைத்த தோட்டாக்களின் கூடுகள் விரிசல் விட்டுப் பிளந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்பது 1921இல் வெளியான ஆய்வில் தெளிவாயிற்று. பருவ மழையோடு வந்ததால் அந்தப் பழுதுக்கே பருவ வெடிப்பு என்று பெயர். ஆகவே துலக்காதீர்கள், உலர்ந்த மென்துணியால் தூசியைத் துடைத்தால் போதும். சாராயம், அசிட்டோன் எதுவும் நிற வளையத்தைக் கரைத்துவிடும், அதோடு அடையாளமும் போய்விடும். தேக்கு, ஓக் போன்ற அமிலம் கசியும் மரப் பெட்டிகளில் ஈயக் குண்டுகளை வைத்தால் வெண்பொடி பூக்கும். அமிலமில்லா அட்டைப் பெட்டியும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் பாதுகாப்பானவை.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது குற்றம். அச்சட்டத்தின் வரையறை முழுத் தோட்டாவோடு நிற்பதில்லை, அதன் பாகங்களையும் உள்ளடக்குகிறது. ஆகவே "இது பழம்பொருள்தானே" என்ற விளக்கம் அங்கே துணைக்கு வராது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தண்டனை இன்னும் கடுமையானது. அங்கே காட்டிலோ தோட்டத்திலோ போர்க்காலத் தோட்டா கிடைத்தால் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதைப் போன்ற அறியாமை வேறில்லை. உயிருள்ள தோட்டாவைச் சாதாரண அஞ்சலில் அனுப்பப் பொதுவாக அனுமதி இல்லை. சட்டம் அனுமதிக்கும் இடத்திலும், உரிமம் பெற்ற தொழில்முறையாளர் மருந்தையும் பிரைமரையும் நீக்கி, கூட்டில் துளையிட்டுச் சான்று தந்த தோட்டாக்களையே வாங்குவது நல்லது.

தொடங்குவதென்றால், பயிற்சித் தோட்டா ஒன்று, செயலிழக்கச் செய்த 38, 92, 99 வகைகளில் ஒவ்வொன்று, பிறகு சீட்டு சிதையாத ஒரு காலிப் பொட்டலம் என்ற வரிசையில் போங்கள். தனித் தோட்டா பத்துக்குச் செலவிடும் தொகையை ஒரு நல்ல காலிப் பொட்டலத்துக்குக் கொடுக்கத் தயங்காதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டெழுதி, கூட்டு நீளம், முழுநீளம், விளிம்பு விட்டம், குண்டின் விட்டம், மொத்த எடை, மேலுறையின் நிறம், வளையத்தின் நிறம், கிளிப் பித்தளையா இரும்பா என்பது, எங்கிருந்து யார்வழி வந்தது என்பது ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். உங்களிடமுள்ள ஐந்தையும் கிளிப்பிலிருந்து கழற்ற வேண்டாம். அவை செயலிழக்கச் செய்யப்பட்டவை என்று உறுதியாகத் தெரியாததால், முதலில் நீங்கள் வாழும் நாட்டின் காவல்துறையிடமோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ தொலைபேசியில் விவரம் சொல்லி, அவர்கள் வந்து பார்க்கும்வரை தோட்டாக்களை இருந்த இடத்திலேயே விட்டுவையுங்கள்.